மொதல்ல உதடு

சைமி ஃபோன்ல ஒரு ஃபோல்டர் இருக்கு, பேரு "செத்தாலும் பரவால்ல". உள்ள எல்லாம் சாப்பாட்டு வீடியோதான். ரோட்டோரத்துல வாழைப்பழத்த மாவுல முக்கி எண்ணெயில போடுறது, பாகுல ஊறின உருண்டைய கரண்டியால அமுக்கினா சொட்டுறது, தள்ளுவண்டிக்குப் பின்னாடி ஒரு ஆளு மாவ வீசி வீசி துணி மாதிரி மெல்லிசா ஆக்குறது. ட்ராம்ல போறப்ப பாப்பா. அவ வேல பாக்குற மூக்குக்கண்ணாடி கடையில காபி குடிக்கிற நேரத்துல பாப்பா. பாத்து பாத்து வாயில எச்சி ஊறும். அவ்ளோதான், பாக்குறதோட சரி.

ஏன்னா சைமிக்கு நட்ஸ் ஆகாது. ஆகாதுன்னா தும்மல், லேசா அரிப்பு, அந்த ரகம் இல்ல. தொண்ட மூடிக்கும். மூணு வயசுல பக்கத்து வீட்டு பர்த்டேல ஒரே ஒரு துண்டு கேக்கு, அதுல பாதாம் பொடி. ஃபின்லாந்துல அவங்க ஊரு கோட்கா, அந்த ஊரு ஆஸ்பத்திரில இவ பொழைக்கிறதுக்குள்ள இவங்க அம்மாவுக்கு பாதி உயிர் போயிடுச்சு. அன்னிலேர்ந்து எந்த பர்த்டேக்குப் போனாலும் அம்மா கையில ஒரு டப்பா குடுத்து, கூடவே வந்து நிப்பாங்க. மத்த பசங்க எல்லாம் கேக் சாப்பிடும், சைமி மட்டும் டப்பாவத் தொறந்து அம்மா சுட்ட பன்ன சாப்பிடுவா. இப்ப ஹெல்சிங்கில தனியா இருக்கா, சம்பாதிக்கிறா, இருபத்தி நாலு வயசாச்சு. டப்பா மட்டும் மாறல.

தெரியாத சாப்பாடு எதுவா இருந்தாலும் மொதல்ல உதட்டுல வைக்கணும். கொஞ்ச நேரம் காத்திருக்கணும். சுர்ருன்னா தூக்கிப் போட்டுடணும். அம்மா சொல்லிக் குடுத்தது. இதுல கொடும என்னன்னா, சைமிக்கு பயந்தாலும் உதடு சுர்ருங்கும். எது பயம், எது நெசம்னு அவளுக்கே தெரியாது. அதனால எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவா.

அவ ரூம்மேட்டு கெர்த்து அப்படியே நேர் எதிர். குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவ, கீழ விழுந்தத ஊதிட்டு சாப்பிடுற ஜாதி. இந்த குளிர்காலம் முழுக்க லீவு போட்டு இஸ்தான்புல்ல ஆரம்பிச்சு பினாங்கு வரைக்கும் தெருத்தெருவா சாப்பிட்டுட்டே போறதுன்னு முடிவு பண்ணிட்டா. அந்த ஃபோல்டர காமிச்சு காமிச்சு அவ மண்டையில இந்த ஆசைய ஏத்துனதே சைமிதான்!

"நீயும் வரடி," கெர்த்து சொன்னா.

"நான் செத்துடுவேன்."

"ஃபோல்டருக்கு என்ன பேரு வச்சிருக்க நீ?"

கடைசில ஒரு ஒப்பந்தம். ஞாயித்துக்கெழம கப்பல் ஏறி எஸ்டோனியாவுல இருக்குற தாலின் போறது. ரெண்டு மணி நேரம்தான், ஃபின்லாந்துக்காரங்க பீர் வாங்கப் போற எடம், பேருக்குத்தான் அது வெளிநாடு. அங்க லேபிள் ஒட்டாத ஒரு இனிப்ப, தெரியாத ஒரு ஆள் கையால வாங்கி சைமி சாப்பிடணும். சாப்பிட்டுட்டா இவளுக்கும் சேத்து டிக்கெட் போடுறது. முடியலன்னா அந்த ஃபோல்டர அழிச்சிட்டு, இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

கப்பல்ல ஏறினதுலேர்ந்து சைமி ஒரு கைய பைக்குள்ளயே வச்சிருந்தா. உள்ள பேனா மாதிரி ரெண்டு ஊசி, தொண்ட மூடினா தொடையில குத்திக்கிறதுக்கு. அது இருக்கான்னு தொட்டுப் பாப்பா, எடுப்பா, திருப்பி தொட்டுப் பாப்பா.

"ஓடிப் போயிடாது, விடு," கெர்த்து சொன்னா. மேல எவனோ காலங்காத்தாலயே கரோக்கி மைக்கப் புடிச்சு கத்திட்டிருந்தான். "அவன் பாடுறதக் கேட்டா எனக்குத்தான் ஒரு ஊசி வேணும்."

அம்மா ஃபோன் வந்துச்சு.

"எங்கடி இருக்க? பின்னாடி என்ன சத்தம்?"

"கெர்த்துகூட வெளிய வந்திருக்கேன்மா."

"டப்பா எடுத்துட்டுப் போனியா?"

சைமி டப்பாவ வேணும்னேதான் வீட்ல வச்சிட்டு வந்திருந்தா. "ம்," அப்படின்னா. உதடு சுர்ருன்னுச்சு. ஒரு வாய் தண்ணி கூட இன்னும் குடிக்கல, அதுக்குள்ள! ஃபோன வச்சதும் கெர்த்துகிட்ட சொன்னா.

தாலின்ல எறங்கி, டூரிஸ்ட்டுங்க மொய்க்கிற பழைய ஊர விட்டுட்டு, லோக்கல் ட்ரெயின் புடிச்சு கொஞ்சம் வெளிய ஒரு சின்ன சந்தைக்குப் போனாங்க. டூரிஸ்ட்டுக்கு விக்கிறது தெருச்சாப்பாடே இல்லன்னு சொன்னது சைமிதான், வீடியோ பாத்து வந்த ஞானம். அங்க கூடையில காளான், ஊறுகா பீப்பாய், கம்பளி சாக்ஸு எல்லாம் இருந்துச்சு. ஒரு கடையில "கமா"ன்னு எழுதி கிலோ கணக்குல பாக்கெட் அடுக்கி வச்சிருந்தாங்க. கெர்த்து விழுந்து விழுந்து சிரிச்சா.

"அடிப்பாவிங்களா, கமாவ பாக்கெட் போட்டு விக்கிறாங்க பாரு, போலீஸ் பக்கத்துலயே நின்னு சாக்ஸ் வாங்குது!"

ஃபின்னிஷ் தெரு பாஷையில கமான்னா போதை மருந்து. எஸ்டோனியாவுல அது வறுத்து அரைச்ச மாவு. பட்டாணி, பார்லி, கோதும மாதிரி ரெண்டு மூணு தானியம் போட்டு, நம்ம சத்துமாவு கணக்கா. இந்த ரெண்டு பாஷையும் தமிழும் மலையாளமும் மாதிரிதான். பாதி புரியும். புரிஞ்ச பாதியில எத்தன நெசமா புரிஞ்சதுங்கறது வேற கத.

சந்தையோட கோடியில ஒரு இனிப்புக் கட. பின்னாடி அகலமான முகத்தோட ஒரு அம்மா, ஏப்ரன்ல ஹெல்வேன்னு பேரு தச்சிருந்துச்சு. முன்னாடி ரெண்டே தட்டு. ஒண்ணுல நடுவுல பன்னீர் மாதிரி வச்ச பன்னு, மேல கருப்பா என்னவோ தூவி இருந்துச்சு. இன்னொண்ணுல கமா உருண்ட. மண் கலர்ல, சின்னச் சின்னதா, வெண்ணெயும் வறுத்த மாவும் சேந்த வாசன. அந்த வாசன சைமி மூக்குல ஏறின உடனே காலு தானா நின்னுடுச்சு. ஃபோல்டர்ல இருக்குற எந்த வீடியோவும் இவளுக்கு வாசனையக் காட்டினதில்ல.

சைமி ஒரே ஒரு வாக்கியம் எஸ்டோனியன்ல மனப்பாடம் பண்ணிட்டு வந்திருந்தா. கைய பைக்குள்ள விட்டு ஊசியப் புடிச்சிக்கிட்டே ஒப்பிச்சா. "எனக்கு நட்ஸ் அலர்ஜி. சாப்பிட்டா செத்துடுவேன்."

ஹெல்வே அம்மா மூஞ்சி உடனே மாறிடுச்சு. புரிஞ்சுக்கிட்டாங்க. வெரல நீட்டி கமா உருண்டையக் காட்டினாங்க. "சுல்லே ஹல்ப்." தலைய ஆட்டி ஆட்டி, "வேகா ஹல்ப்!" அப்புறம் பன்னக் காட்டி, "ஹேயா."

கெர்த்து மூஞ்சில பல்பு எரிஞ்சுது. "ஹல்ப்! நம்ம ஹல்பா தாண்டி! சீப்பு! சுல்லே, உனக்கு! உனக்கு சீப்பா தரேங்குது! வேகான்னா ரொம்ப, அது எனக்கே தெரியும். உனக்கு ரொம்ப சீப்பு!"

"ஹேயான்னா என்ன?"

"யாருக்குத் தெரியும்."

"ஃபோன்ல போட்டுப் பாக்கலாமா?"

"எதுக்கு? அச்சு அசல் நம்ம வார்த்த. ரொட்டின்னா என்னன்னு அகராதில தேடுவாங்களா?"

சைமி அந்த பன்னப் பாத்தா. மேல தூவின கருப்பு கசகசா மாதிரி இருந்துச்சு, வேற ஏதாவதாவும் இருக்கலாம். அதோட பேரு என்னன்னே தெரியாத ஹேயா. தெரியாத வார்த்தையப் பாத்து பயந்துட்டா. தெரிஞ்ச வார்த்தைய நம்பிட்டா.

கெர்த்து பெருசா சிரிச்சு, கமா உருண்டையக் காட்டி ரெண்டுன்னு வெரலக் காட்டினா. ஹெல்வே அம்மா ஒரு மாதிரி பாத்தாங்க. இந்தப் பொண்ணுக்குத்தானே அலர்ஜி, அந்தப் பொண்ணுக்கு இல்லையேன்னு நெனச்சிருப்பாங்க. உருண்டைய ஒரு காகிதப் பையில போட்டு கெர்த்து கையிலயே குடுத்தாங்க. ஒரு பன்ன எடுத்து சைமி பக்கம் நீட்டினாங்க. சைமி வேணாம்னு தலையாட்டிட்டு நடந்துட்டா.

ரயில் ப்ளாட்ஃபாரத்த ஒட்டி ஒரு பெஞ்சு. கெர்த்து அவ உருண்டைய ஒரே வாயில போட்டுக்கிட்டா. கண்ணு சொக்கிடுச்சு.

"ஐயோ! சாப்பிடுடி! செத்தா கூட..."

"அப்படி சொல்லாத."

"சரி சரி. சாப்பிடு."

சைமி உருண்டைய ரெண்டு வெரலால எடுத்தா. கை ஆடுது. உருண்டைய உதட்டுல வச்சா. காத்திருந்தா.

சுர்ருன்னுச்சு.

"கெர்த்து, சுர்ருங்குது."

"உனக்கு எப்பதான் சுர்ருங்கல? கப்பல்ல உங்கம்மா ஃபோன் வந்தப்பவும் சுர்ருங்குதுன்னியே. உங்கம்மாவுக்குள்ள நட்ஸா இருக்கு?"

சைமிக்கு சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. இப்ப இதத் தூக்கிப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சா. திரும்ப கப்பல், திரும்ப கரோக்கி, திரும்ப அந்த டப்பா. முப்பது வயசுலயும் டப்பா, அம்பதுலயும் டப்பா. கெர்த்து பினாங்குலேர்ந்து வீடியோ அனுப்புவா, இவ பாப்பா. சாகுற வரைக்கும் பாத்துட்டே இருக்கலாம்.

கண்ண மூடிக்கிட்டு பாதி உருண்டையக் கடிச்சா.

ஐயோ, அந்த ருசி! வெண்ணெ நாக்குல கரைஞ்சு, வறுத்த மாவு மணல் மாதிரி நறநறன்னு, கடைசில லேசா உப்பு. இவ்ளோ நாளா உலகம் இதத்தான் ஒளிச்சு வச்சிருந்துச்சா? முழுங்கிட்டா. மிச்சத்தையும் வாயில போட்டுக்கிட்டா.

அப்பதான் சத்தம் கேட்டுச்சு.

ஹெல்வே அம்மா ஓடி வராங்க. ஏப்ரன் பறக்குது, ஒரு கால்ல செருப்பு இல்ல, ஊறுகாக்காரர இடிச்சுத் தள்ளிட்டு வராங்க. கத்துறாங்க. "ஹல்ப்! ஹல்ப்! ஹல்ப்!"

கெர்த்து சிரிச்சா. "ஏய், இன்னும் கொறச்சுத் தரேன்னு தொரத்திட்டு வருதுடி! சீப்பு, சீப்பு, சீப்புன்னு!"

ஆனா சைமி சிரிக்கல. அவ அந்த மூஞ்சியப் பாத்தா. அது அவளுக்குத் தெரிஞ்ச மூஞ்சி. வெளுத்துப் போய், வாய் கோணி, கண்ணு மட்டும் பெருசா. பர்த்டே வீடுங்கள்ல கதவோரம் நின்னு இவ வாயையே பாத்துட்டிருக்குற அம்மாவோட மூஞ்சி. சீப்புன்னு சொல்றதுக்கு எந்த ஊர்லயும் யாரும் அப்படி ஒரு மூஞ்சிய வச்சிக்க மாட்டாங்க.

வாயில இருந்தத துப்பினா. துப்பிட்டு வெரல விட்டு நாக்க வழிச்சா. ஆனா பாதி ஏற்கனவே உள்ள போயிடுச்சு.

மொதல்ல காது சூடாச்சு. அப்புறம் உள்ளங்கை. தொண்டைக்குள்ள யாரோ சுடுதண்ணி துணிய வச்சு அழுத்துற மாதிரி. கழுத்துல திட்டுத் திட்டா எழும்புறது வெரலுக்கே தெரியுது. இது சுர் இல்ல. இது வேற. இவ்ளோ வருஷமா ஒவ்வொரு தடவையும் பயந்தது எதுவுமே இந்த மாதிரி இல்ல. இது வந்தா, இதுதான்னு தெரியும்.

"கெர்... ஊசி."

கொரல் அவ கொரல் மாதிரியே இல்ல, தவள கத்துற மாதிரி வந்துச்சு. கெர்த்து பைய கவுத்து ஊசிய எடுத்துட்டா, ஆனா அப்படியே நின்னுட்டா. டன் கணக்குல சரக்கு தூக்குறவ, ஒரு பேனாவ தலைகீழாப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டு நிக்கிறா. "எந்தப் பக்கம்? சைமி, எந்தப் பக்கம்டி?"

சைமி புடுங்கினா. மூடிய எடுத்தா, தொடையில ஜீன்ஸ் மேலயே ஓங்கி குத்தினா, அப்படியே அழுத்திப் புடிச்சா. வேடிக்க என்னன்னா, அந்தக் கை ஆடவே இல்ல. உருண்டையப் புடிச்சப்ப ஆடின அதே கை.

ஹெல்வே அம்மா தரையில உக்காந்து சைமிய நெஞ்சுல சாச்சுக்கிட்டு, கால நீட்டி விட்டு, இன்னொரு கையில ஃபோன்ல ஆம்புலன்ஸ கூப்பிட்டாங்க. என்னவோ சொல்லிட்டே இருந்தாங்க காதுக்குள்ள. ஒரு வார்த்தையும் புரியல. புரியாம இருந்ததே நல்லாருந்துச்சு. மூச்சு, சீட்டி அடிக்கிற மாதிரி, ஒரு இழு, ஒரு விடு. ப்ளாட்ஃபாரத்துல ஒரு ட்ரெயின் வந்து நின்னு, ஆளுங்கள எறக்கிட்டு, போயிடுச்சு. மூச்சு மட்டும் உள்ள போனா போதும், வேற எதுவும் வேணாம்னு சைமிக்குத் தோணுச்சு. பினாங்கு வேணாம், இஸ்தான்புல் வேணாம், டப்பா போதும், காலம் பூரா டப்பா போதும்.

ஆம்புலன்ஸ்ல ரெண்டாவது ஊசியும் போட வேண்டியதாச்சு.

ஆஸ்பத்திரில கண்ண நல்லா முழிச்சப்ப பக்கத்துல ஒரு நர்ஸ். பல வருஷம் ஃபின்லாந்துல வேல பாத்தவங்களாம், ஃபின்னிஷ் தண்ணி மாதிரி பேசினாங்க. கெர்த்து நடந்ததச் சொல்லச் சொல்ல, அவங்க நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க.

"ஹல்ப்னா எங்க பாஷையில மோசம். கெடுதல். அந்தம்மா உங்களுக்கு ஆகாது, ரொம்பக் கெடுதல்னு சொல்லியிருக்காங்க. உருண்டைக்குள்ள ஹேசல்நட் பொடி. ஹேயான்னா நல்லது. பன்ன சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

கெர்த்து சுவத்தோரம் அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டா. "நான் உன்னக் கொன்னுட்டேன்."

"கொல்லல. இதோ பேசிட்டிருக்கேன்ல," சைமி சொன்னா. தொண்ட கரகரன்னுச்சு.

"நீ வர வேணாம். எங்கயும் வர வேணாம். நானும் போகல. வீட்லயே உக்காந்து உருளக்கெழங்கு வேக வச்சு சாப்பிடலாம். லேபிள் ஒட்டின உருளக்கெழங்கு."

அம்மாவுக்கு சைமிதான் ஃபோன் பண்ணா. மறைக்காம எல்லாத்தையும் சொன்னா. டப்பாவ விட்டுட்டு வந்ததையும் சொன்னா. அம்மா மொதல்ல கேட்டது இதுதான்.

"ஊசி யாரு போட்டா?"

"நானேதான்."

"சரியா அழுத்திப் புடிச்சியா?"

"புடிச்சேன்மா."

"நான் அடுத்த கப்பல்ல வரேன்."

"வேணாம்மா. நாளைக்கு விட்டுடுவாங்க. நானே வரேன்."

அம்மா அழுதாங்க. ஆனா வரேன்னு திரும்பச் சொல்லல.

சாயங்காலம் கதவுகிட்ட ஒரு தல எட்டிப் பாத்துச்சு. ஹெல்வே அம்மா. கடைய மூடிட்டு அப்படியே வந்திருக்காங்க, ஏப்ரன் கூட கழட்டல. உள்ள வர மாட்டேன்னு கதவோரமே நின்னாங்க. அவங்க பேசினத நர்ஸ் ஃபின்னிஷ்ல சொன்னாங்க.

"நீங்க போனப்புறம்தான் ஒறச்சுதாம். நான் மோசம்னு சொன்னா இந்தப் பொண்ணு ஏன் இப்படி பல்லக் காட்டிச்சுன்னு. இத்தன வருஷத்துல ஒரு ஃபின்லாந்துக்காரர் கூட அவங்க கடையில சிரிச்சதே கெடையாதாம். என்னவோ தப்பு நடந்துடுச்சுன்னு அதுலதான் தெரிஞ்சுதாம்."

கெர்த்து மூக்க உறிஞ்சிக்கிட்டே சிரிச்சா. அன்னிக்கு அவ செஞ்ச ஒரே உருப்படியான காரியம் கடையில சிரிச்ச அந்த சிரிப்புதான்.

அந்த நேரம் பாத்து சாப்பாட்டு வண்டி வந்துச்சு. சூப்பு, ரொட்டி, அப்புறம் ஒரு சின்னக் கிண்ணத்துல பழுப்பா, கெட்டியா ஏதோ ஒண்ணு. ஓரத்துல ஒரு பெர்ரி.

"இது என்ன?" சைமி கேட்டா.

நர்ஸ் கிண்ணத்த கொஞ்சம் தள்ளி வச்சாங்க. "கமா. மோர்ல கலக்கி சக்கர போட்டது. வெறும் கமா, தானியமும் பட்டாணியும்தான். உங்க அலர்ஜி சமையக்கட்டுக்குத் தெரியும், தட்ட நானும் பாத்துட்டேன். நட்ஸ் இல்ல. ஆனா இன்னிக்கு இத நீங்க பாக்கவே வேணாம், எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

"எடுத்துட்டுப் போங்க!" கெர்த்து கத்தினா. "தூரமா எடுத்துட்டுப் போங்க!"

"ஹேயாவா, ஹல்ப்பா?" சைமி கதவப் பாத்து கேட்டா.

ஹெல்வே அம்மா கிட்ட வந்து கிண்ணத்த எட்டிப் பாத்தாங்க. மோந்து பாத்தாங்க. "ஹேயா," அப்படின்னாங்க, ரொம்ப மெதுவா.

"சைமி, வேணாம்டி. கெஞ்சிக் கேக்குறேன்."

"இங்க ஆகலன்னா பக்கத்துலயே டாக்டர் இருக்காரு. இத விட நல்ல எடம் உலகத்துல எங்கடி இருக்கு?" சைமி கரண்டிய எடுத்தா. கை திரும்ப ஆட ஆரம்பிச்சிடுச்சு. "டிக்கெட்ட அப்புறம் போடு. மொதல்ல நீ ஒண்ணு பண்ணு. துருக்கில கெடுதலுக்கு என்னன்னு பாரு. மலாய்ல என்னன்னு பாரு. போற ஊர்ல எல்லாம் மொத வார்த்தயா அதத்தான் படிக்கணும். நன்றி, வணக்கம் எல்லாம் அப்புறம்."

கெர்த்து அழுதுக்கிட்டே ஃபோன எடுத்தா.

சைமி கரண்டிய உதட்டுல வச்சா. மூணு பேரும் அவ வாயையே பாத்தாங்க. ஹெல்வே அம்மா கட்டில் கம்பிய இறுக்கிப் புடிச்சிருந்தாங்க.

சுர்ருன்னுச்சு.

சைமி அசையாம கவனிச்சா. காது சூடாகல. உள்ளங்கை ஜில்லுன்னு இருந்துச்சு. உதடும் ஜில்லுன்னுதான் இருந்துச்சு, சூடா இல்ல, தொண்டைக்குள்ள ஒண்ணுமே இல்ல. இன்னும் கொஞ்சம் காத்திருந்தா. ஜில்லுன்னேதான் இருந்துச்சு.

"என்னடி?" கெர்த்து கேட்டா. "என்னடி, சொல்லு!"

"ஒண்ணும் இல்ல," சைமி சொன்னா. "இது பயம்."

சொல்லிட்டு கரண்டிய உள்ள விட்டா.